லாக்ஸ்டன்: வேலி இல்லாத வயல்களின் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கிராமம் என்றால் பலர் மனதிலும் ஒரே படம்தான் வரும்: வைக்கோல் வேய்ந்த கூரை, சுவரேறிய ரோஜாக்கொடி, ஓடைமேல் ஒரு கல்பாலம். லாக்ஸ்டனில் அந்தப் படத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். செங்கல் வீடுகள், சிவப்பு ஓடுகள், தெருவில் டிராக்டர் சக்கரம் உதிர்த்துவிட்டுப் போன சேறு. ஆனாலும் வரலாறு படிப்பவர்கள் அந்த ஊரைத் தேடிப் போகிறார்கள். நானும் போனேன். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

லாக்ஸ்டன் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில். ஆலர்ட்டன், டக்ஸ்ஃபோர்டு என்ற இரண்டு சின்ன ஊர்களுக்கு நடுவே, நியூவார்க் நகருக்கு வடக்கே. பழைய ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே என்றும் சொல்லலாம். மண் கனத்த களிமண். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். ஒரு தேவாலயம், 'டவ்கோட் இன்' என்று ஒரு பப்.

ஊர்ப்பெயர் ஆங்கிலோ-சாக்சன் காலத்தது. லீக்சா என்ற ஒருவனுடைய ஆட்களின் பண்ணை என்று பொருள் சொல்கிறார்கள். 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே ஊர் இருக்கிறது. அப்போது அது ஜெஃப்ரி ஆல்செலின் என்ற பிரபுவின் கையில்.

அப்படி என்ன விசேஷம்?

ஒருகாலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்கள் பெரும்பாலானவற்றில் நிலத்தைப் பங்கிட்டு உழுத முறை ஒன்று இருந்தது. திறந்த வயல் முறை என்று அதற்குப் பெயர். பிரமாண்டமான வயல், உள்ளே வேலி கிடையாது, ஒவ்வொருவருக்கும் ஆங்காங்கே நீளநீளமான துண்டுகள், எப்போது எதை விதைப்பது என்பது ஊருக்கே பொது. நாடு முழுக்க இந்த முறை ஒழிந்துபோனது. லாக்ஸ்டனில் இன்னும் நடக்கிறது.

'நடக்கிறது' என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேடம் போட்டு நடித்துக் காட்டும் அருங்காட்சியகம் அல்ல இது. உழுகிறவர்கள் நிஜ விவசாயிகள். விளைச்சலை விற்றுப் பிழைக்கிறவர்கள்.

டெவன் பகுதியில் பிராண்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவு என்று இன்னும் சில இடங்களில் துண்டு வயல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அங்கெல்லாம் எஞ்சியிருப்பது நிலத்தின் வடிவம் மட்டும்தான். வயலை நிர்வகிக்கும் ஊர் நீதிமன்றமும் சேர்ந்து உயிரோடிருப்பது லாக்ஸ்டனில். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது அந்த நீதிமன்றத்தைத்தான். வயல் அதற்கு அப்புறம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

திறந்த வயல் எப்படி வேலை செய்கிறது?

இப்போது லாக்ஸ்டனில் மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல். மூன்றும் சேர்ந்தால் ஐந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. சுழற்சி மூன்று வருடத்துக்கு. ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் விதைக்கும் குளிர்காலக் கோதுமை. அதே வயலில் அடுத்த ஆண்டு வசந்தத்தில் பார்லி மாதிரி ஏதாவது. மூன்றாம் ஆண்டு தரிசு. மற்ற இரண்டு வயல்களும் இதே வரிசையில் ஒரு ஆண்டு முன்னும் பின்னுமாகச் சுற்றும். முன்பு தரிசில் ஆடு மாடுகள் மேய்ந்து எரு போட்டன. இப்போது அந்த வருடத்தில் புல், தீவனப் பயிர் என்று ஏதாவது வளர்க்கிறார்கள்.

ஒருவருடைய துண்டுகள் மூன்று வயல்களிலும் இருக்கும். இல்லாவிட்டால், அவருடைய நிலம் முழுவதும் தரிசில் மாட்டும் ஆண்டில் அவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதோடு பயிர் விஷயத்தில் தனி வழியே கிடையாது. பக்கத்துத் துண்டுகளில் எல்லாம் தரிசு விட்டு மாடுகள் மேயும்போது, நடுவில் நான் மட்டும் கோதுமை போடுவேன் என்று யாரும் கிளம்ப முடியாது. வேலி இல்லையே!

எல்லா நிலத்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளாமல் ஏன் சிதறடித்தார்கள்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பழைய விளக்கம், நியாயம். மேட்டு நிலம், பள்ள நிலம், நல்ல மண், கெட்ட மண் எல்லாவற்றிலும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். ஏர் பூட்டக் கூட்டுச் சேர்ந்தவர்கள், உழ உழத் துண்டுகளை வரிசையாகப் பிரித்துக்கொண்டதிலிருந்து வந்த வழக்கம் என்று இன்னொரு விளக்கம். டெய்ர்ட்ரி மெக்லோஸ்கி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சொல்வது வேறு: அது ஒருவகைக் காப்பீடு. ஆலங்கட்டி மழை வயலின் ஒரு மூலையை அடிக்கும், பூஞ்சை இன்னொரு மூலையைப் பிடிக்கும். துண்டுகள் சிதறியிருந்தால் மொத்தமும் போகாது. சராசரி விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஒரே வருடத்தில் எல்லாம் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு.

எனக்கு மெக்லோஸ்கி சொல்வது பிடித்திருக்கிறது. ஆனால் நியாயம் என்ற பேச்சை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டுகள் சிதறியிருந்தன, சரி. எல்லோருக்கும் சமமாக இருந்தனவா? இல்லை. பெரிய குத்தகைக்காரருக்கு நிறைய, குடிசைக்காரருக்கு ஒன்றிரண்டு அல்லது ஒன்றுமே இல்லை.

துண்டுகள் ஏன் அவ்வளவு நீளம்?

கனத்த களிமண்ணைப் புரட்டக் கனத்த கலப்பை வேண்டும். அதை இழுக்க எட்டு எருதுகள்வரை பூட்டினார்கள். அந்த வரிசையைத் திருப்புவது பெரும்பாடு. அதனால் முடிந்தவரை நேராகப் போய், குறைவாகத் திருப்புவதே புத்திசாலித்தனம். மாடுகள் களைத்து நின்று மூச்சு வாங்குவதற்குள் ஓட்டக்கூடிய சாலின் நீளம் ஒரு அளவாகவே ஆகிவிட்டது. அதுதான் பர்லாங். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே 'சால் நீளம்' என்றுதான் பொருள். பழைய கதைகளில் 'இரண்டு பர்லாங் நடந்தான்' என்று படித்திருப்போமே, அதே பர்லாங்.

பர்லாங் என்பது 220 கஜம். அகலம் 22 கஜம் வைத்தால் ஒரு ஏக்கர், அதாவது 4,840 சதுர கஜம். ஒரு நாள் உழவு என்று கணக்கு. அந்த 22 கஜம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் அதுதான். இரண்டும் 'செயின்' என்ற ஒரே பழைய அளவு.

இன்னொன்று. எருது வரிசை திரும்புவதற்கு வசதியாக, துண்டின் முனைக்கு வருமுன்பே உழவன் லேசாக வளைக்கத் தொடங்கிவிடுவான். அதனால் பழைய துண்டுகள் கண்ணாடியில் தெரியும் 'எஸ்' எழுத்துப் போல நெளிந்திருக்கும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் எத்தனையோ மேய்ச்சல் நிலங்களில், மாலை வெயில் சாய்ந்து விழும்போது, புல்லுக்கு அடியில் இந்த நெளிவு மேடும் பள்ளமுமாகத் தெரியும்.

மற்ற ஊர்களில் இதெல்லாம் என்ன ஆயிற்று?

வேலி போட்டார்கள். துண்டுகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்கி, சுற்றி முள்செடி நட்டார்கள். சில ஊர்களில் அங்கிருந்தவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். பல ஊர்களுக்கு நாடாளுமன்றச் சட்டம் வந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள். வேலிக்குள் போனது சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

விளைச்சல் கூடியது என்பார்கள், கூடியிருக்கலாம். நிலக் குத்தகை நிச்சயமாகக் கூடியது. பொது நிலத்தில் ஒரு மாடும் நாலு வாத்தும் மேய்த்துப் பிழைத்தவர்களின் பாடுதான் திண்டாட்டம். எழுதி வைத்த உரிமை இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று ரயில் ஜன்னலில் பார்த்து 'ஆகா, இங்கிலாந்து' என்று நாம் ரசிக்கிற அந்தப் பச்சைப் புதர்வேலிகளில் பாதிக்கதை இதுதான்.

லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது?

பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சபதம் எடுக்கவில்லை. பெரும்பாலும் இழுபறியால் தப்பியது.

முதலில், அது முழுசாகத் தப்பவில்லை. திறந்த வயல்களின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்குள் போய்க்கொண்டேதான் இருந்தன. கிழக்கு வயல் என்று நான்காவதாக ஒன்று இருந்தது, அது போய்விட்டது. நடுவில் மிஞ்சியதை யாராலும் தொட முடியவில்லை. காரணம், ஊரில் இரண்டு பெரிய நிலப்பிரபுக்கள். ஒருவர் மான்வர்ஸ் பிரபு, இன்னொருவர் ஸ்கார்பரோ பிரபு. இவர்களுடைய நிலமும் சின்னச்சின்ன சொந்தக்காரர்களின் நிலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எல்லோரும் ஒத்துக்கொண்டு, செலவையும் பகிர்ந்துகொண்டால்தான் வேலி. ஒத்துப்போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தானிய விலை படுத்துவிட்டது. வேலி போடச் செலவழித்தாலும் திரும்ப வராது என்ற நிலைமை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்வர்ஸ் பண்ணை நிர்வாகம் துண்டுகளை ஒட்டிச் சேர்த்துப் பெரிதாக்கியது. 1635இல் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்த துண்டுகள் இன்று இருநூறுக்கும் குறைவு. ஆகவே இன்று பார்ப்பது அப்படியே இடைக்கால வயல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். விதிகள் பழையவை, துண்டுகள் டிராக்டர் ஓடுகிற அளவுக்குப் பெரியவை.

பிறகு 1952. பண்ணையைத் துண்டு துண்டாக விற்றால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில், ஆறாவது மான்வர்ஸ் பிரபு அதை அரசின் வேளாண்மை அமைச்சகத்துக்கு விற்றார். நாட்டின் விவசாய அமைச்சரே லாக்ஸ்டனின் ஊர்ப்பிரபு ஆகிவிட்டார்! 1981இல் அது அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் கிரவுன் எஸ்டேட் அதைத் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கு விற்றது. தோர்ஸ்பி யாருடையது? மான்வர்ஸ் வம்சத்தினருடையது. சுற்றிச் சுற்றிப் பழைய வீட்டுக்கே வந்துவிட்டது.

1635 என்று சொன்னீர்களே, அது என்ன கணக்கு?

அந்த வருடம் லாக்ஸ்டன் முழுவதையும் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் அளந்து ஒரு வரைபடம் போட்டார். ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கிறது. யார் கையில் எந்தத் துண்டு என்ற பட்டியலும் கூடவே இருக்கிறது. தோல் தாளில், வண்ணத்தில். வயலுக்குள் குட்டிக்குட்டி மனிதர்கள் ஏர் ஓட்டுகிறார்கள், அறுவடை செய்கிறார்கள், வேட்டையாடுகிறார்கள். இப்போது ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஓர் ஆங்கிலக் கிராமத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் பழைய ஆவணங்கள் அபூர்வம். இதை வைத்துத்தான் விவசாய வரலாற்றை ஆராய்ந்த ஆர்வின் தம்பதி 1938இல் திறந்த வயல்களைப் பற்றி எழுதினார்கள்; லாக்ஸ்டனின் பெயர் வெளியே பரவியதும் அதற்குப் பிறகுதான்.

வரைபடம் யாருக்காகப் போட்டது என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. லண்டன் வணிகர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக. பார்படோஸ் தீவில் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர் அவர். அதே 1635இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவோடு வணிகம் செய்ய மன்னர் முதலாம் சார்லஸிடம் அனுமதி வாங்கியதும் அவர்தான். களிமண் வயலின் ஒவ்வொரு துண்டையும் எண்ணச் சொன்ன அதே ஆள், அந்த வருடமே இந்தியாவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குக் கப்பல் விடவும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நிலம் அவரிடம் நிலைக்கவில்லை. அவர் மறுவருடமே இறந்தார். கொஞ்ச காலத்தில் ஊர் பியர்பாண்ட் குடும்பத்துக்குப் போனது. பிற்பாடு மான்வர்ஸ் பட்டம் பெற்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

அந்த ஊர் நீதிமன்றம் என்றால் என்ன?

கோர்ட் லீட் என்று பெயர். நிலப்பிரபுவின் பெயரால் நடக்கும் உள்ளூர் நீதிமன்றம். ஒருகாலத்தில் இங்கிலாந்து முழுக்க இருந்தது. பெரும்பாலானவை மறைந்துவிட்டன, மிஞ்சிய சிலவும் சடங்குக்குக் கூடி, அங்கி போட்டு, பீர் ருசி பார்த்துக் கலைகிறவை. லாக்ஸ்டனில் அதற்கு வேலை இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் விவசாயிகளிலிருந்து பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியை, அதாவது நடுவர் குழுவை, தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தலைவர். நவம்பர் கடைசியில், கோதுமை முளைவிட்ட வயலுக்கு ஜூரி முழுவதுமாகப் போகிறது. ஒவ்வொரு துண்டின் எல்லையையும் பார்க்கிறார்கள். அளக்கிறார்கள், எல்லை தெரியாத இடத்தில் மரக்குச்சி அடிக்கிறார்கள். யாராவது தன் துண்டைத் தாண்டிப் பொதுப்பாதையை உழுதிருக்கிறாரா? புல்தரையில் கலப்பை ஏறியிருக்கிறதா? வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டிருக்கிறாரா? குறித்துக்கொள்கிறார்கள்.

வேலி இல்லாத வயலில் திருட்டு எப்படி நடக்கும் தெரியுமா? ஒரே நாளில் நடக்காது. வருடத்துக்கு ஒரு சால். கலப்பை சற்றே ஒதுங்கிப் போனால் போதும், கேட்டால் 'கவனிக்கலையே' என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து வருடத்தில் பாதை பாதியாகிவிடும். வரப்பைச் சுரண்டுகிற வேலை எந்த நாட்டிலும் ஒன்றுதான். அதை வருடாவருடம், சால் ஒன்றாக இருக்கும்போதே பிடித்துவிடுவதுதான் ஜூரியின் சாமர்த்தியம்.

ஒரு வாரம் கழித்து நீதிமன்றம் டவ்கோட் இன் பப்பில் கூடுகிறது. ஆமாம், பப்பில்தான். பிரபுவின் சார்பில் ஸ்டூவர்டு என்ற நிர்வாகி தலைமை வகிப்பார், பெய்லிஃப் என்ற நீதிமன்ற அலுவலர் கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். ஜூரி தன் குறிப்புகளைச் சமர்ப்பிக்கும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த ஆண்டு ஜூரி பதவியேற்கும். அபராதத் தொகை ஒன்றும் பெரிதல்ல. ஆனால் விதிக்கிறவர்கள் யார்? அண்டை வீட்டுக்காரர்கள், அதே பப்பில் தினமும் முகம் பார்க்கிறவர்கள். போன வருடம் அபராதம் கட்டியவர் இந்த வருடம் ஜூரியில் உட்கார்ந்திருக்கலாம். கட்டுகிற பணத்தைவிட அந்த அறையில் பெயர் வாசிக்கப்படுவதுதான் உறைக்கும்.

இது சட்டப்படி செல்லுமா, அல்லது சும்மா ஒரு மரபா?

செல்லும். 1977இல் வந்த நீதி நிர்வாகச் சட்டம் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டது. லாக்ஸ்டனுக்கு விலக்கு கிடைத்தது.

ஆனால் பொது நிலம் என்றால் நாசமாகத்தானே போகும்?

நிறையப் பேர் கேட்கிற கேள்வி. 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் இருந்தால், ஒவ்வொருவரும் இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்லே மிஞ்சாது என்பது அவர் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லாக்ஸ்டன் மாதிரி ஊர்களில் இன்னொரு மாடு சேர்ப்பதற்கு ஒருவரும் விடமாட்டார்கள். யார் எத்தனை கால்நடை விடலாம் என்பதற்கு எண்ணிக்கை உண்டு. எந்தத் தேதியில் அறுவடை முடிந்த வயலைத் திறப்பது, எப்போது மூடுவது என்பதற்கும் விதி உண்டு. மேய்ச்சல் உரிமைக்கு உள்ளூரில் 'கெய்ட்' என்று பெயர். உரிமை இல்லாத மாடு வந்தால் பிடித்து அடைக்கத் தொழுவம் இருந்தது, அதற்குக் காவலாளும் இருந்தான். ஹார்டின் கற்பனை செய்தது விதியே இல்லாத வெட்டவெளியை. பொது நிலங்களை மக்கள் தாங்களே விதி வகுத்து நூற்றாண்டுக் கணக்கில் காத்துவருவதை உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் வரிசைப்படுத்திய நிபந்தனைகளில் எல்லை தெளிவாக இருப்பது, கண்காணிப்பவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருப்பது, தண்டனை சின்னதிலிருந்து தொடங்குவது எல்லாம் உண்டு. நவம்பரில் சேற்றில் குச்சி அடித்துக்கொண்டு போகும் பன்னிரண்டு பேரைத்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

வயல் நடுவில் உழாமல் விட்ட புல்தரைகள் எதற்கு?

அவற்றுக்கு 'சைக்' என்று பெயர். தாழ்வான, ஈரமான, கலப்பை இறங்காத பட்டைகள். உழுததில்லை, ரசாயன உரம் படாது. அதனால் வேறெங்கும் அழிந்துபோன புல்வெளிப் பூக்கள் அங்கே இன்னும் பூக்கின்றன. சட்டப் பாதுகாப்பும் உண்டு. அந்தப் புல்லை உலர்தீவனத்துக்காக ஏலம் விடுவார்கள். கோடையின் தொடக்கத்தில் போனால் இதைப் பார்க்கலாம்.

விவசாயிகளுக்கு இது கட்டுப்படியாகிறதா?

துண்டுகளை மட்டும் நம்பினால் கட்டாது. பெரும்பாலோர் வேலி போட்ட நிலத்தையும் சேர்த்துத்தான் பண்ணை நடத்துகிறார்கள். துண்டிலிருந்து துண்டுக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போகிற நேரமே வீண். பெரிய இயந்திரங்கள் குறுகிய துண்டில் திரும்பத் திண்டாடும். பண்ணைகளின் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குத்தகை எடுக்க இளைஞர்கள் இல்லாவிட்டால் ஜூரிக்குப் பன்னிரண்டு பேரை எங்கே தேடுவது? இந்த முறைக்கு நிஜமான ஆபத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊரின் தெருவே வித்தியாசமாக இருக்கிறதாமே?

ஆமாம். மற்ற இடங்களில் வேலி போட்டபின் பண்ணை வீடுகள் வயலுக்கு நடுவே தனித்தனியாகப் போய்விட்டன. லாக்ஸ்டனில் நிலம் எல்லாப் பக்கமும் சிதறியிருப்பதால், நடுவில் இருப்பதுதான் வசதி. ஆகவே பண்ணை வீடுகள் தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன. பலவற்றின் பக்கச்சுவர்தான் தெருவைப் பார்க்கும்; முற்றமும் களஞ்சியமும் உள்ளே நீளும், பின்னால் கொல்லை. நடுத்தெருவில் மாட்டுக் கொட்டகை வாசம் அடிக்கிற ஆங்கிலக் கிராமம் இப்போது அதிகம் இல்லை.

கோட்டை இருக்கிறதா? ராபின் ஹூட்டோடு சம்பந்தம்?

கோட்டை இருக்கிறது, கல் இல்லை. மேட்டின்மேல் மேடு வைத்து, சுற்றிலும் அகழி வெட்டிய நார்மன் காலத்து மண்கோட்டை. ஊருக்கு வடக்கே, புல் மூடிக் கிடக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயரில் இந்த வகையில் நன்றாக மிஞ்சியிருப்பது இதுதான்.

ஷெர்வுட் காட்டில் ஒளிந்து அரசரின் மான்களை வேட்டையாடியதாகச் சொல்லப்படும் ராபின் ஹூட் இங்கே வந்ததாக நான் கதை எதுவும் கேட்கவில்லை. எதிர்த் தரப்பு உண்டு! லாக்ஸ்டன் பிரபுக்கள்தான் பரம்பரையாக ஷெர்வுட் உள்ளிட்ட அரசக் காடுகளின் காவலர்கள். முதலில் டி கோ குடும்பம், பின்னர் எவரிங்ஹாம் குடும்பம். மானைக் கொன்றவனைத் துரத்துகிற வேலை. எவரிங்ஹாம்களின் கல்லறைச் சிலைகள் புனித மைக்கேல் தேவாலயத்தில் இருக்கின்றன. அதில் ஒன்று கல் அல்ல, மரம்: பதினான்காம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியின் உருவம். இத்தனை காலம் பூச்சியும் ஈரமும் தின்னாமல் விட்டதே பெரிய விஷயம். தேவாலயம் முன்பு இன்னும் நீளமாக இருந்தது. 1860 வாக்கில் மான்வர்ஸ் பிரபு செப்பனிட்டபோது அதைக் குறுக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவின் லெக்சிங்டன் இந்த ஊர்ப்பெயர்தானா?

லாக்ஸ்டனைப் பழைய ஆவணங்களில் லெக்சிங்டன் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதனால் அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1775இல் முதல் குண்டு வெடித்த மாசசூசெட்ஸ் லெக்சிங்டனுக்கு இதுதான் தாய் ஊர் என்று உள்ளூரில் பெருமையாகச் சொல்வார்கள். லெக்சிங்டன் பிரபு என்ற பட்டம் வழியாகப் பெயர் போயிருக்கலாம் என்றும் ஒரு பேச்சு. பெருமைப்பட்டுக்கொள்ளட்டும், நஷ்டம் இல்லை.

வேறு என்ன பார்க்கலாம்?

பலர் எதிர்பார்க்காத ஒன்று: ஹோலோகாஸ்ட் எனப்படும் நாஜிகளின் யூத இனப்படுகொலையை நினைவுகூரும் இங்கிலாந்தின் தேசிய ஹோலோகாஸ்ட் மையமும் அருங்காட்சியகமும் லாக்ஸ்டன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஸ்மித் என்ற கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் ஜெருசலேமில் உள்ள நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1995இல் 'பெத் ஷாலோம்' என்ற பெயரில் ஒரு பண்ணை வீட்டில் தொடங்கியது. யூதர்கள் அதிகம் வாழாத இந்த வட்டாரத்தில், தப்பிப் பிழைத்தவர்கள் வந்து பள்ளிப் பிள்ளைகளிடம் நேரில் பேசினார்கள். ரோஜாத் தோட்டம் ஒன்று உண்டு; இறந்தவர்களின் நினைவாக வைத்த செடிகள். இதையும் வயலையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். இரண்டுக்கும் வேறு வேறு மனநிலை வேண்டும்.

எப்போது போவது, எப்படிப் போவது?

கார் இருந்தால் எளிது. இல்லையென்றால் பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், கிராமப்புறத்தில் ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. பப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தகவல் மையம் இருக்கிறது. வயல்களின் படமும் விளக்கமும் அங்கே உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டு நடந்தால்தான் கண்ணுக்குப் புரியும். இல்லாவிட்டால் வெறும் பெரிய வயல்தான்.

நடப்பதற்குப் பொதுப்பாதைகள் உண்டு. பயிரில் கால் வைக்காமல், நாயை அவிழ்த்துவிடாமல் போக வேண்டும். துண்டுகளின் வித்தியாசம் நன்றாகத் தெரிவது வசந்தத்தின் இறுதியில்: கோதுமை ஒரு பச்சை, பார்லி ஒரு பச்சை, தீவனப்புல் இன்னொரு பச்சை. நான் போனது நவம்பரில், சாதாரணக் கான்வாஸ் ஷூவோடு. ஆலை வயல் ஓரத்தில் இடது ஷூ களிமண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.